எல்லாமே அரிதானால்

பிராங்கியரின் முதல் அரச வம்சமான மெரோவிங்கியர் காலப் பொற்காசு ஒன்று ஏலத்துக்கு வரும்போது, படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரே மாதிரியான குறிப்புதான் இருக்கும்: மிக அரிது, இந்த ஒன்று மட்டுமே அறியப்பட்டது, எந்த நூலிலும் பதிவாகாதது. பல நேரம் இது உண்மையாகவே இருக்கும். சிக்கலும் அதுதான், ஏனென்றால் பக்கத்தைப் புரட்டினால் அடுத்த காசுக்கும் அதே குறிப்பு பொருந்தும். ஆறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து ஒரு நூறு ஆண்டுக் காலம் பிராங்கியர் நாட்டில் (இன்றைய பிரான்சும் அதைச் சுற்றிய பகுதிகளும்) அடிக்கப்பட்ட சிறு பொற்காசுகளில் 600க்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களும், 1,500க்கு மேற்பட்ட காசடித்தவர் பெயர்களும் படிக்கப்பட்டிருக்கின்றன. காலத்தைத் தாண்டி வந்த காசுகளோ மொத்தமாகச் சில ஆயிரம். இன்ன ஊரில் இன்னார் அடித்தது என்று பிரித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு பிரிவிலும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இது வெறும் கணக்கு. இந்தத் துறையில் அரிதாக இருப்பது ஒரு காசின் தனிச்சிறப்பே அல்ல, சாதாரண நிலைமை.

ஆனாலும் விலை, போட்டி, சேகரிப்பவரின் பெருமை எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கின்றன. அரிய பிராங்கியக் காசுகளைத் தனியார் தேடி வாங்குவதற்கு நியாயம் இருக்கிறதா, இருந்தால் எந்தக் காசுக்கு, எந்த நிபந்தனையில் என்பதே இங்கே எடைபோட வேண்டிய கேள்வி. ‘பாரம்பரியத்தைக் காக்கிறோம்’ என்ற சேகரிப்பாளர் வாதமும், ‘எல்லாம் கொள்ளை’ என்ற தொல்லியலாளர் வாதமும் இரண்டுமே காசைப் பார்க்காமல் பேசும் வாதங்கள். காசைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

டிரெமிசிஸ் என்ற அந்தப் பொற்காசு, ரோமப் பேரரசின் சாலிடஸில் மூன்றில் ஒரு பங்கு. பேரரசின் கணக்குப்படி ஒன்றரை கிராம் இருக்க வேண்டும். பிராங்கியர் நாட்டில் ஆறாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் 1.3 கிராமாக இறங்கிவிட்டது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். டோரெஸ்டாட்டில் மதெலினஸ் என்பவர் அடித்ததை எடுத்துக்கொள்வோம். டோரெஸ்டாட் ரைன் நதியின் கிளையில் இருந்த துறைமுகம், இன்றைய நெதர்லாந்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வலது நோக்கிய தலை. முடிப்பட்டையும் கூந்தலும் சில கோடுகளாகவே செதுக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் ‘டோரெஸ்டாட் ஃபிட்’, அதாவது டோரெஸ்டாட்டில் ஆனது. மறுபக்கம் படிமேல் நிற்கும் சிலுவை, அதன் கீழ் வரிசையாகப் புள்ளிகள், சுற்றிலும் மதெலினஸின் பெயர், கடைசியில் ‘காசடித்தவர்’ என்பதற்கு ஒற்றை எழுத்து. அரசன் பெயரைத் தேடினால் கிடைக்காது. தலை யாருடையது என்பதற்கும் விடை இல்லை. ரோமப் பேரரசர் தலையைப் பார்த்து எழுதியதைப் பார்த்து எழுதியதன் மிச்சம் அது.

காசில் தன் பெயரைப் போடும் துணிவு பிராங்கிய அரசர்களுக்கு இல்லாமலும் இல்லை. 530களில் ஆட்சிக்கு வந்த முதலாம் தியூடெபெர்ட் பொற்காசில் தன் பெயரையே பொறித்தான். பாரசீக மன்னன்கூடச் செய்யத் துணியாததைப் பிராங்கியர் செய்கிறார்கள் என்று கான்ஸ்டான்டினோப்பிளின் வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காசிலும் உருவம் பேரரசருடையதுதான், மாறியது பெயர் மட்டும். பிறகு வந்தவர்களின் காலத்தில் பெரும்பாலான காசுகளிலிருந்து அரசன் பெயரும் போய், ஊரும் காசடித்தவரும் மட்டுமே மிஞ்சினார்கள்.

மதெலினஸ் முதலில் மாஸ்ட்ரிக்டில் வேலை பார்த்தவர், 630களை ஒட்டி டோரெஸ்டாட்டுக்கு இடம் மாறியவர். பிராங்கியர் கையிலிருந்து அந்தத் துறைமுகம் நழுவிய பிறகும் அவர் பெயரில் காசு வந்துகொண்டே இருந்தது. வடகடல் கரையோர மக்களான ஃபிரீசியர்கள் அதைப் பார்த்து அடித்தார்கள். நகல் எடுக்க எடுக்க எழுத்து குழம்பியது, பொன்னின் மாற்றும் குறைந்து காசு வெளிறியது. ஆகவே மதெலினஸ் பெயர் தாங்கிய காசு இந்தத் துறையின் கணக்கில் ‘சாதாரணம்’. ஆனால் வடகடல் ஓரத்தில் ஏழாம் நூற்றாண்டு வணிகம் எப்படி நடந்தது என்பதை அதிகம் சொன்னது இந்தச் சாதாரணக் காசுதான். நிறைய கிடைத்ததால், எங்கெங்கே கிடைத்தது என்று நிலப்படத்தில் புள்ளி வைக்க முடிந்தது. எது முந்தியது, எது அதைப் பார்த்து அடித்தது என்று வரிசைப்படுத்தவும் முடிந்தது. எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவே முடியாத பெயரோடு, எங்கே கிடைத்தது என்ற குறிப்பும் இல்லாமல் வரும் ஒற்றைக் காசை வைத்து இதில் எதையும் செய்ய முடியாது. ஏலத்தில் அதிக விலை போகக்கூடியது என்னவோ பின்னதுதான்.

கிடைத்த இடம் ஒரு காசுக்கு என்ன செய்யும் என்பதற்குச் சட்டன் ஹூவை விடத் தெளிவான சாட்சி இல்லை. 1939ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், மண்மேட்டின் அடியில் ஒரு கப்பலோடு புதைக்கப்பட்ட பெருமகன் ஒருவனின் பொருள்கள் வெளிவந்தன. அவன் பணப்பையில் 37 பிராங்கிய டிரெமிசிஸ்கள், முத்திரை குத்தாத 3 பொன்தட்டுகள், 2 சிறு பொற்கட்டிகள். 37 காசும் 37 வெவ்வேறு அக்கசாலைகளைச் சேர்ந்தவை. ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. சந்தையில் கைக்கு வந்ததை அள்ளிப் போட்டால் இப்படி அமையாது. யாரோ பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். காசும் தட்டும் சேர்ந்தால் 40. மறுஉலகுக்குக் கப்பலைச் செலுத்தும் நாற்பது துடுப்பாளர்களுக்கான கூலி அது, கட்டிகள் சுக்கானைப் பிடிப்பவருக்கு என்று நாணயவியலாளர் பிலிப் கிரியர்சன் ஒரு விளக்கம் சொன்னார். ஏற்கலாம், மறுக்கலாம். எனக்கு அது கொஞ்சம் அழகாக இருப்பதாலேயே சந்தேகமும் வருகிறது. ஆனால் அப்படி ஒரு விளக்கத்தை முன்வைக்கவும் மறுக்கவும் முடிவதே 37ம் ஒரே பையில், 3 வெறும் தட்டுகளோடு சேர்ந்து கிடைத்ததால்தான். அதே காசுகள் 37 பேர் கைக்குப் பிரிந்து போயிருந்தால், 37 ‘மிக அரிது’ கிடைத்திருக்கும். 3 தட்டுகளை யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள்.

காலக்கணிப்பும் அப்படியே. மெரோவிங்கியக் காசுகளில் ஆண்டு இருக்காது, பெரும்பாலும் அரசன் பெயரும் இருக்காது. ஏழாம் நூற்றாண்டு முழுக்கப் பொன்னின் மாற்று படிப்படியாக இறங்கியது. 670களில் பொன் ஓய்ந்து, டெனியர் என்ற வெள்ளிக்காசு அந்த இடத்துக்கு வந்தது. இந்த இறக்கத்தையே கடிகாரமாக வைத்து, காசின் அடர்த்தியிலிருந்து மாற்றைக் கணித்து, நாணயவியலாளர் ஜான் கென்ட் சட்டன் ஹூ காசுகளின் காலத்தை ஏழாம் நூற்றாண்டின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் கொண்டுவந்தார். கடிகாரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: காலம் தெரிந்த புதையல்கள் சில இருந்தால்தான் அதைச் சரிபார்க்க முடியும். கலைக்கப்பட்ட ஒவ்வொரு புதையலும் அந்தக் கடிகாரத்திலிருந்து ஒரு பல்லைப் பிடுங்குகிறது.

இங்கே பொன்னின் குணத்தையும் சொல்ல வேண்டும். பிராங்கியர் நகைகளில் பதித்த சிவந்த கார்னெட் கற்களை வேதியியல் முறையில் சோதித்தபோது, அவற்றில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது. கல் தான் பிறந்த மண்ணின் அடையாளத்தை விடுவதில்லை. பொன் அப்படி அல்ல. பைசாந்தியக் காசை உருக்கிப் பிராங்கியக் காசாக்கி, அதையும் உருக்கிப் பதக்கமாக்கினால் முந்தைய பிறவிகள் கலந்துபோகும். எனவே பொற்காசைப் பொறுத்தவரை அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற ஒரு வரி, ஆய்வுக்கூடத்தால் திருப்பித் தர முடியாதது. வெள்ளியில் நிலைமை கொஞ்சம் தேவலை. 2024ல் வெளியான ஓர் ஆய்வு, கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தின் 49 வெள்ளிக்காசுகளைச் சோதித்து, 660 முதல் 750 வரை வடமேற்கு ஐரோப்பாவில் அடித்த காசுகளின் வெள்ளி பைசாந்தியத்திலிருந்து வந்தது என்றும், அதற்குப் பிறகு பிரான்சின் மெல் சுரங்க வெள்ளி ஆதிக்கம் பெற்றது என்றும் காட்டியது. சோதிக்கப்பட்டவை ஏலத்தில் கூட்டம் சேர்க்கும் காசுகளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

மெல் என்றதும் மெரோவிங்கியருக்கு அடுத்து வந்த கரோலிங்கிய வம்சத்தின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. அரிது என்ற சொல்லின் இன்னொரு தில்லுமுல்லு அங்கே இருக்கிறது.

சார்லமேன் 793–794ல் டெனியரின் எடையை 1.7 கிராம் அளவுக்கு ஏற்றி, ஒரு பக்கம் தன் பெயரின் எழுத்துகளைச் சிலுவை வடிவில் கோத்த முத்திரையை வைத்தான். மெல்லில் அடித்ததில் ஒரு பக்கம் ‘கார்லஸ், பிராங்கியர் அரசன்’ என்றும் மறுபக்கம் ஊர்ப்பெயரும் இருக்கும். 840ல் அரியணை ஏறிய அவன் பேரன் மொட்டை சார்லஸும் மெல்லில் அதே வாசகத்தோடு, அதே முத்திரையோடு காசு அடித்தான். பெயரும் ஒன்று, ஊரும் ஒன்று, வடிவமும் ஒன்று. தாத்தாவா பேரனா என்று பிரிக்க எடை, எழுத்தின் போக்கு, எந்தப் புதையலில் எதோடு சேர்ந்து கிடைத்தது ஆகியவைதான் துணை. மூன்றில் கடைசியதுதான் உறுதியானது. விற்பனையில் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ‘சார்லமேன்’ என்றால் ஒரு விலை, ‘மொட்டை சார்லஸ்’ என்றால் வேறு விலை. ஐயத்தின் பலனைத் தாத்தாவுக்கே தரும் தாராளம் விற்பவருக்கு எளிதில் வந்துவிடுகிறது. வாங்குபவருக்கும் அது பிடித்தே இருக்கிறது. இதைத் தனியொருவரின் மோசடியாகப் பார்க்க முடியாது. பெயருக்கு விலை வைக்கும் சந்தை தானே உருவாக்கிக்கொள்ளும் சாய்வு இது. அந்த வடிவம் பின்னால் உறைந்துபோய், அரசர்கள் எல்லாம் மறைந்த பிறகும் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை மெல் இருக்கும் புவாத்தூ பகுதியில் தொடர்ந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் சிக்கல் முழுமை பெறும்.

பெயர் விலையை ஏற்றுவது மெரோவிங்கியர் பக்கமும் உண்டு. பாரிஸில் அடித்த சில காசுகளில் எலிஜியஸ் பெயர் இருக்கிறது. லிமோஜ் அக்கசாலையில் தொழில் கற்று, டாகோபெர்ட் அரசனின் நம்பிக்கைக்கு உரியவராகி, பின்னால் நுவாயோனின் ஆயராகி, பொற்கொல்லர்களின் புனிதராகவே வணங்கப்படுபவர் அவர். அவர் பெயர் உள்ள காசைக் கையில் வைத்திருக்க ஆசைப்படுவதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஊர்பேர் தெரியாத கிராமத்தின் ஒற்றைக் காசை விட அதற்கு அதிகம் கொடுப்பதில் ஒரு நேர்மைகூட இருக்கிறது: வாங்குபவர் தான் வாங்குவது ஒரு கதையை என்று தெரிந்தே வாங்குகிறார்.

உண்மையிலேயே அரிதும் பொருளும் சேர்ந்த இடங்கள் உண்டா? உண்டு. லாரல் மாலை சூடிய மீசைக்காரத் தலையோடு சார்லமேனைக் காட்டும் வெள்ளிக்காசுகள் மொத்தம் ஐம்பதை ஒட்டித்தான் தெரியவந்திருக்கின்றன. பேரரசன் என்ற பட்டம், பின்புறம் ஒரு கோயில், சுற்றிலும் கிறிஸ்தவ சமயம் என்ற வாசகம். அவன் பேரரசனாக முடிசூடியது 800ல். இந்தக் காசுகளைப் பெரும்பாலோர் 812க்குப் பின் வைக்கிறார்கள், கான்ஸ்டான்டினோப்பிள் அவன் பட்டத்தை ஏற்ற பிறகு. இங்கே குறைவு என்பதே ஒரு செய்தி: அடித்தது ஏன் இவ்வளவு குறைவு, எதற்காக அடித்தார்கள் என்று கேட்க வைக்கிறது. அதைவிட வலுவான எடுத்துக்காட்டு, அவன் மனைவி ஃபாஸ்ட்ராடாவின் பெயர் பொறித்த டெனியர். நாணயவியலாளர் சைமன் கூப்லாண்ட் அதை 2023ல் ஆய்வாக வெளியிட்டார். காசு இப்போது ஆக்கன் நகரின் சார்லமேன் மையத்தில் இருக்கிறது. ஃபாஸ்ட்ராடா இறந்தது 794 ஆகஸ்டில். எனவே காசு தன் காலத்தைத் தானே சொல்லிவிடுகிறது. புதிய டெனியரை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று பிராங்க்ஃபர்ட் சபை அறிவித்ததும் அதே ஆண்டின் கோடையில்தான். அரசியின் பெயர் காசில் வந்த முன்மாதிரி பிராங்கியரிடம் இல்லை. இந்தக் காசின் பெறுமதி அது ஒன்றே ஒன்று என்பதில் இல்லை. பத்துக் காசு கிடைத்திருந்தாலும் வரலாற்றுக்கு அதே அளவு பயன்பட்டிருக்கும்.

சேகரிப்பாளர்கள் மீது பழி போடும்போது அரசு வைத்திருந்தவற்றுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பிராங்கிய அரசன் குளோவிஸின் தந்தை சில்டெரிக்கின் கல்லறை 1653ல் துர்னேயில் தற்செயலாகத் திறந்தது. நூறுக்கு மேற்பட்ட பொற்காசுகள், இருநூறு வெள்ளிக்காசுகள், கார்னெட் பதித்த பொன் தேனீக்கள் கிடைத்தன. ஷிஃப்ளே என்ற மருத்துவர் 1655லேயே படங்களோடு நூலாக்கினார். பிறகு அந்தச் செல்வம் வியன்னா போய், பதினான்காம் லூயிக்குப் பரிசாக வந்து, பாரிஸ் நூலகத்தில் பத்திரமாக இருந்தது, 1831 நவம்பரில் திருடர்கள் வரும்வரை. பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். முந்நூறு தேனீக்களில் மிஞ்சியவை இரண்டு. இன்று நமக்குத் தெரிந்தது ஷிஃப்ளேயின் நூலால்தான். காத்தது பெட்டகமல்ல, பதிவு.

தனியாரில் நல்ல முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. போன்தோன் தாமேகூர் என்ற பிரெஞ்சுப் பிரபு 19ஆம் நூற்றாண்டில் சேர்த்த மெரோவிங்கியக் காசுகளில் பெரும்பகுதி பிரான்சின் தேசிய நூலகத்துக்குப் போனது. பெல்ஃபோர் தொகுத்த ஐந்து தொகுதிகளும், தேசிய நூலகத்துக்காக மோரிஸ் புரூ எழுதிய பட்டியலும் 1890களில் வெளிவரத் தனியார் சேகரிப்புகள் பெரிய அடித்தளம். கிரியர்சன் வேறு வகை. நாணயவியல் பேராசிரியராக இருந்துகொண்டே இருபதாயிரத்துக்கு மேல் இடைக்கால ஐரோப்பியக் காசுகளைச் சேர்த்து, 2006ல் காலமானபோது ஃபிட்ஸ்வில்லியத்துக்கே விட்டுப்போனார். தொடரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சான்று வேண்டும் என்பதே அவர் நோக்கம். அரிது என்பதற்காக மட்டும் துரத்திய சேகரிப்பு அது அல்ல.

இவர்களைச் சுட்டிக்காட்டி இன்றைய வாங்குபவர் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள முடியுமா என்றால், முழுதாக முடியாது. நிலைமை மாறிவிட்டது. பிரான்சில் அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டர் கொண்டு தொல்பொருள் தேடுவதை 1989 சட்டம் தடுக்கிறது. 2016 சட்டத்துக்குப் பிறகு கைமாறிய நிலத்தில் கிடைப்பது அரசுக்குரியதாகவே கருதப்படும். இங்கிலாந்தில் 1996 புதையல் சட்டப்படி இரண்டு பொற்காசு சேர்ந்து கிடைத்தால் புதையல். ஒற்றைக் காசு பொதுவாக அதில் வராது, கண்டவர் விரும்பினால் பதிவு செய்யலாம். ஒரே வகைக் காசுக்குக் கடலின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு. பிரான்சின் வயலில் இரவில் எடுத்த காசு எந்த அடையாளத்தோடு சந்தைக்கு வரும் என்று யோசித்தால், ‘பழைய சேகரிப்பிலிருந்து’ என்ற ஏலக் குறிப்புக்கு, பெயரோ பழைய விற்பனைப் பட்டியலோ கூட இல்லாதபோது, எந்தச் சான்று மதிப்பும் இல்லை என்பது தெரியும். கள்ளக்காசுத் தொல்லையையும் இதோடு சேர்க்கலாம். 1830ல் இறந்த பெக்கர் என்ற ஜெர்மானியர் மேற்குக் கோத் அரசர்களின் பொற்காசுகளைக்கூடத் தானே அச்சு வெட்டி அடித்தவர். புதுக்காசுகளை இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டு வண்டியடியில் கட்டி ஓட்டிப் பழமையாக்குவார் என்பார்கள். ஒப்பிட வேறு காசு இல்லாத ‘ஒரே ஒன்று’தான் இப்படிப்பட்டவர்களுக்கு வசதியானது.

ஆக, என் தீர்ப்பு ஒரே அளவாக இருக்க முடியாது. மெரோவிங்கியக் காசு தன்னைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. மீதியை மண்தான் சொல்ல வேண்டும். எனவே 19ஆம் நூற்றாண்டுப் பட்டியல் ஒன்றிலோ படத்தோடு வந்த பழைய ஏலத்திலோ தடம் இல்லாத, பதிவான கண்டெடுப்பும் அல்லாத டிரெமிசிஸை எவ்வளவு அரிதானாலும் வாங்கக் கூடாது. அருங்காட்சியகமும் வாங்கக் கூடாது. ஆய்வாளர்கள் அதைப் படமெடுத்து வெளியிடலாம், விலைக்குத் துணைபோகாத வகையில். வெளியிடாமல் விட்டால் தகவல் போகும், வாங்கினால் அடுத்த வயலைத் தோண்டக் கூலி கொடுத்ததாகும்; இரண்டில் முதலாவதைத் தவிர்க்க வழி இருக்கிறது.

கரோலிங்கியக் காசு அரசனையும் ஊரையும் தன் மேலேயே சுமந்து வருகிறது. மொட்டை சார்லஸின் 864ஆம் ஆண்டு பீத்ர் ஆணை பத்து அக்கசாலைகளைத்தான் அனுமதித்தது. அந்த ஆணைக்குப் பின் வந்த வகைக் காசுகளிலோ நூறுக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. ஆணைப் பத்திரத்தை மட்டும் படித்தவர்களுக்குத் தெரியாத இந்த நிலையைக் காசின் வாசகமே காட்டிவிட்டது, எந்த வயலில் கிடைத்தது என்று தெரியாத காசுகளும் அதில் சாட்சி சொல்ல முடிந்தது. இங்கே தடமில்லாத காசுக்கும் ஆய்வுப் பயன் மிஞ்சுகிறது. களவுப் பொருள் அல்ல என்று காட்ட முடிந்தால் போதும், சேகரிப்பவரிடம் இன்னும் கடுமையாக இருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. சார்லமேனின் மகன் பக்தியரசன் லூயியின் கோயில் முத்திரை டெனியர் போன்ற மலிவான காசில் தொடங்குபவர், ஒற்றை டிரெமிசிஸுக்குச் சேமிப்பவரை விட நல்ல சேகரிப்பாளராக முடியும். விதிவிலக்கு மெல். தாத்தா பேரன் இருவரையும் ஒரே வாசகத்தில் வைத்திருக்கும் அந்தக் காசு கரோலிங்கியர் காலத்ததாக இருந்தாலும், எந்தப் புதையலில் இருந்தது என்ற தடம் இல்லாவிட்டால் மெரோவிங்கியக் காசின் கண்டிப்பே அதற்கும் பொருந்தும். அதைச் ‘சார்லமேன்’ விலைக்கு விற்பவர் புதையலின் பெயரைச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் பேரன் விலையைப் போடட்டும்.